ஆலங்கட்டி விழுந்த வீடு

சுல்தான் வந்து பார்த்தபோது மஜ்லிஸின் சீலிங் இடிந்து விழுந்து ஒரு வாரமாகியிருந்தது.

விருந்தினரை உட்கார வைக்கும் அந்தப் பெரிய அறையின் நடுவில், ஒரு கட்டில் அகலத்துக்கு வெள்ளை ஜிப்சம் பிய்ந்துபோய் மேல்தளத்தின் சிமெண்டு தெரிந்தது. சுற்றிலும் பழுப்புக் கறை. விழுந்ததையெல்லாம் யோகம்மா வாரிச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். நனைந்த கம்பளத்தை ஒற்றை ஆளாகச் சுருட்டி, முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், மதில்மேல் போட்டுக் காயவைத்திருந்தாள். இழுத்த இழுப்பில் இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நிமிர முடியவில்லை. அத்தனை பாடுபட்டும், கம்பளத்தின் சிவப்புச் சாயம் பக்கத்திலிருந்த வெள்ளைப் பூக்களில் இறங்கிவிட்டது.

சுல்தான் வாசற்படியிலேயே நின்று மேலே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "மோட்டார்?" என்று ஒரே வார்த்தை கேட்டான்.

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். போன வருஷம் ஒருநாள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் துணி தேய்க்கப் போனவள் மறந்துபோனாள். மொட்டைமாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரெல்லாம் வழிந்து, பக்கத்து வில்லாக்காரர் வந்து மணியடித்த பிறகுதான் நிறுத்தினாள். அன்றைக்குச் சுல்தானும் வீட்டில் இருந்தான்.

மோட்டார் இல்லை, மேலேயிருந்து ஐஸ் விழுந்தது என்று தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னாள். கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து, தலையில் விழுவதுபோல் காட்டினாள். சுல்தான் சிரித்தான். ஷார்ஜாவில் ஐஸா என்று கேட்டான். அவன் பாகிஸ்தான் பக்கம் பருந்து வைத்து வேட்டையாடப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தான். ஊரில் இருந்த பலருக்குமே தெரியாது. ஷார்ஜாவின் புறநகரான முவைலாவில் ஒரு பத்துப் பதினைந்து வில்லாக்கள் இருந்த பட்டையில் மட்டும் கால்மணி நேரம் கொட்டிவிட்டுப் போன மழை அது. மற்ற இடங்களில் வெறும் தூறல். மழைக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சீலிங் விழுந்தது.

வீடு சுல்தானுடையது அல்ல. அவனுடைய அத்தை உம்மு ராஷித்துடையது. கணவனை இழந்த அந்த அம்மாள் கண் ஆபரேஷனுக்காக லண்டன் போயிருந்தாள். போகும்போது வீட்டை யோகம்மாவிடமும், யோகம்மாவைச் சுல்தானிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனாள். தினமும் ஒருதரம் வந்து பார்க்கவேண்டும் என்பது சுல்தானுக்குச் சொல்லியிருந்த வேலை. பத்து நாளாக அவன் எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அத்தை லண்டனிலிருந்து போன் செய்வாள். வேட்டைக்குக் கிளம்புமுன் வந்த வெள்ளிக்கிழமை, தினமும் வருகிறேன், இனியும் வருவேன் என்று அவன் போனில் சொன்னதை யோகம்மா காதால் கேட்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்பதால் போன் வரவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை அத்தையிடம் எல்லாம் சொல்லப்போவதாகச் சுல்தான் சொன்னான். கம்பளம், அத்தையின் கணவர் ஈரானிலிருந்து கொண்டுவந்தது. அதன் விலை அவளுடைய ஆயுசுக்கும் தீராது. கடைசியில் அவன் சொன்ன 'ஷுர்த்தா' என்ற சொல் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. போலீஸ்.

அவன் போனதும் யோகம்மா அடுக்களையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ் என்றால் முதலில் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது அவள் முகம், அவள் பெயரில்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அவளுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. தாத்தா காலத்தில் பதியவில்லை, அப்பா போட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை. புருஷன் இன்னொருத்தியோடு போனபின், மகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வெளிநாடு போவதென்று தீர்மானித்தபோது, கொழும்பு ஏஜென்ட் ஒரு சிங்களப் பெண்ணின் பிறப்புச் சான்றிதழை வைத்து பாஸ்போர்ட் எடுத்துக்கொடுத்தான். அதன்படி அவள் குசுமாவதி. இந்த வீட்டில் 'கசும்'. பொய்ப் பாஸ்போர்ட்டில் வந்தவள் என்று பிடித்தால் இங்கே ஜெயில், அங்கே போனால் அங்கேயும் ஜெயில் என்று ஏஜென்டின் ரூமில் கூட இருந்த பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

அதையெல்லாம்விட அவளைத் தின்றது வேறொன்று. மழை கொட்டிய அன்று மோட்டாரைத் தான் நிறுத்தினோமா இல்லையா என்பது அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை மீராசாவின் கடைக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன மளிகைக் கடை. கீழக்கரைக்காரரான மீராசாவை, தன் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் வழக்கப்படி அவள் 'நானா' என்று கூப்பிடுவாள். சீலிங் விழுந்த அன்றே கடைக்கு ஓடிவந்து சொன்னவள் அவள். வீட்டுப் போனின் டயலில் சுல்தான் பூட்டுப் போட்டு வைத்திருந்ததால் அவளால் வெளியே பேச முடியாது. மீராசாதான் சுல்தான் வீட்டுக்கு இரண்டுமுறை போன் செய்து, ஆள் ஊரில் இல்லை என்ற பதிலை வாங்கித் தந்திருந்தார்.

நடந்ததை மீராசா முழுவதும் கேட்டார். அப்புறம், அந்த மழையில் நொறுங்கிய பக்கத்துத் தெரு ஹபீப் முகம்மதின் வேன் கண்ணாடிக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர ஒத்துக்கொண்டதைச் சொன்னார்.

"வீட்டுக்கும் அது உண்டும்மா. பேங்குல கடன் வாங்கிக் கட்டுன வீடா இருந்தா கண்டிப்பா எடுத்திருப்பாக. எந்தக் கம்பெனின்னு தெரியுமா?"

அவளுக்கு எப்படித் தெரியும். யோசித்து யோசித்து, அடுக்களையில் தொங்கும் காலண்டர் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் ஒரு கம்பெனி ஆள் கொண்டுவந்து கொடுக்கும் காலண்டர். உம்மு ராஷித் அவனுக்குக் காப்பி கொடுத்து, ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். ஓடிப்போய் அதைக் கழற்றிச் சுருட்டிக் கொண்டுவந்தாள். அடியில் ஆங்கிலத்தில் இருந்ததை மீராசா எழுத்துக்கூட்டிப் படித்தார். பக்கத்து ஊர் தேராவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. போன் நம்பரும் இருந்தது.

கம்பெனியில் போனை எடுத்த பையன் மலையாளி. தமிழ் பேசுகிற யாராவது உண்டா என்று மீராசா கேட்டதும் வேறொருவரிடம் கொடுத்தான். மீராசா ரிசீவரை யோகம்மாவிடம் நீட்டினார்.

"பத்மநாதன் கதைக்கிறன். ஆர் நீங்கள்?"

யாழ்ப்பாணத்துப் பேச்சு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களாக வந்தவர்கள் பேசியது. அந்தக் குரல்களுக்கு முன்னால் சின்ன வயதில் நின்றதுபோலவே இப்போதும் நேராக நின்றுகொண்டாள். பெயரைச் சொன்னாள், வேலைக்காரி என்று சொன்னாள், வீட்டைச் சொன்னாள், நடந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பைலை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, ஆலங்கட்டிச் சேதத்துக்கு அந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்றார்.

ஆனால் பதினாலு நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பத்து நாள் போய்விட்டது. நாளை வெள்ளி, ஆபீஸ் இல்லை. திங்கட்கிழமை சாயந்தரத்தோடு கெடு முடிகிறது. வீட்டுக்காரியோ அவள் பொறுப்பு விட்ட ஆளோதான் அறிவிக்கலாம், வேலைக்காரி சொன்னால் எடுபடாது.

சுல்தான் செய்யமாட்டார் என்று யோகம்மா சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டார். இடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் வந்து பார்த்தேன் என்று அவர் தாளில் எழுதிக் கொடுக்கவேண்டி வருமே, வெள்ளிக்கிழமை போன் பண்ற அத்தைக்கிட்ட தினமும் வர்றேன்னு சொல்லியிருக்காரே என்றாள்.

மறுமுனையில் பைலைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப மேடம் லண்டனிலயிருந்து தந்திமாதிரி ஒரு தெலெக்ஸ் அடிச்சாக் காணும், அதுவும் எழுத்துதான். நாளைக்கு அவ போன் பண்ணுவா எண்டு சொன்னீங்கள். நீங்கள் தான் சொல்லவேணும் பிள்ளை. வேற வழியில்லை."

அவர் மூன்று சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். ஆலங்கட்டிக்கு பரத். மொட்டைமாடிக்கு சத்ஹ். இன்சூரன்ஸுக்கு தஅமீன். திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, மாடிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். எதையும் கூட்டக்கூடாது, துடைக்கக்கூடாது, ஒட்டக்கூடாது. அடி விழுந்த தடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவைத்தால் போதும்.

பத்து நாளாக யோகம்மா மாடிக்குப் போகவில்லை. மழை நின்ற அன்று மாலை ஒருதரம் போனதோடு சரி. தண்ணீர் போகிற ஓட்டையில் புறா இறகும் ஐஸும் சேர்ந்து அடைத்திருக்க, மாடி முழுக்கக் கணுக்கால் ஆழம் நின்றது. ஒரு கம்பால் குத்தி எடுத்துவிட்டு இறங்கியவள் அப்புறம் பயத்தில் ஏறவேயில்லை. இப்போது படியேறினாள்.

படிக்கட்டுக்கு மேலே வெளிச்சத்துக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் மூடி உடைந்து, கம்பி விளிம்பு மட்டும் நின்றது. படியில் சிதறிய அதன் துண்டுகளையும் அவள் அன்றே வாரிச் சாக்கில் போட்டிருந்தாள். ஏசி மெஷின்களின் தகர மூடிகள் வடக்குப் பக்கம் மட்டும் அம்மைத் தழும்பு முகம்போல் குழிகுழியாக இருந்தன. தெற்குப் பக்கம் வழவழவென்று இருந்தது. துணிக்கொடிக் கிளிப்புகள் உடைந்து சிதறிக் கிடந்தன. தொட்டியைச் சுற்றி வந்தாள். வடக்குப் பக்கத்தில், அவள் தோள் உயரத்துக்கு, நட்சத்திரம்போல் ஒரு விரிசல். அதிலிருந்து கீழ்நோக்கிச் சுண்ணாம்புக் கோடாக நீர் வடிந்த தடம்.

அதைப் பார்த்ததும் முதலில் நிம்மதி வந்தது. அடுத்த நொடி அது போனது. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் இருந்திருந்தால் விரிசல் வழியே என்ன வழிந்திருக்கும்? அவ்வளவு தண்ணீர் ஏது?

அன்றைய மத்தியானத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மோட்டாரைப் போட்டது உண்மை. இருட்டிக்கொண்டு வந்தது. கூரைமேல் கல்லால் அடிப்பதுபோல் சத்தம். அடுக்களை மேசைக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டாள். கரண்ட் போனது. மோட்டார் தானாக நின்றது. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது அவள் முற்றத்தில் ஐஸைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்போது மோட்டார் மறுபடி ஓடியிருக்க வேண்டும். அதை நிறுத்தியது மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு. பாங்கு கேட்டுத்தான் ஞாபகம் வந்தது. ஆமாம். இப்போது நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. விரிசலைத் தொடாமல் கீழே இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சுல்தான் வந்தான். சாப்பாட்டை வரவழைத்து மஜ்லிஸுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டான். போனைத் தொடக்கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவள் அடுக்களை வாசலில், கையில் துடைக்கும் துணியோடு நின்றாள். அந்த மூன்று சொற்களையும் உள்ளுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அவன் கை கழுவ எழுந்து உள்ளே போன நேரத்தில் மணியடித்தது.

யோகம்மா யோசிக்கவில்லை. நடை தாண்டி ஓடி எடுத்தாள். உம்மு ராஷித்தின் குரல் தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கசும், சுகமா என்றது.

வீட்டுக்கார அம்மாளை அந்த ஊரில் வேலைக்காரப் பெண்கள் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். யோகம்மாவும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

"மாமா, பரத். பரத் கபீர். சத்ஹ் கராப், மஜ்லிஸ் கராப். மாமா, தஅமீன், தெலெக்ஸ். திங்கக்கிழமை கலாஸ்."

பாழ் என்பதற்குக் கராபும், முடிந்தது என்பதற்குக் கலாஸும் அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமைக்கு அரபியில் என்னவென்று கேட்டு வைக்காமல் போனோமே என்று அப்போதுதான் உறைத்தது. விரல்விட்டு எண்ணினாள். மூன்று நாள், மூன்று நாள் என்று இரண்டுதரம் சொன்னாள்.  பிறகு உம்மு ராஷித், சுல்தான் எங்கே, அவன் பார்க்கவில்லையா, தினமும் வருகிறானே என்று கேட்டாள்.

தண்ணீர்க் குழாய் மூடப்படும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

"சுல்தான் மாஃபி, மாமா. பத்து நாள் மாஃபி."

சுல்தான் இல்லை, பத்து நாளாக இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் கை ரிசீவரைப் பிடுங்கியது. யோகம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். நடுநடுவே, ஆமாம் என்பதற்கு, 'நஅம் அம்மா, நஅம் அம்மா' என்றான். அத்தையை அவர்கள் மொழியில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு அம்மா அம்மா என்பதை அவள் அதுவரை கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு அவன் அவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மெதுவான குரலில், திங்கட்கிழமை வரை பொறுக்கிறேன் என்றான். கம்பெனிக்காரன் வரவில்லை என்றாலோ, வந்து மோட்டார்தான் காரணம் என்று சொன்னாலோ, அன்றைக்கே ஸ்டேஷன்.

சனிக்கிழமை மத்தியானம் மீராசா கடையிலிருந்து பேசினாள். தெலெக்ஸ் வரவில்லை. சாயந்தரம் பேசினாள். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றுமுறை பேசினாள். மூன்றாம்முறை பத்மநாதன், ஆபீசில் மேனேஜர் ஒருமாதிரிப் பார்க்கிறார், இனி தெலெக்ஸ் வந்தால் நானே கடைக்குப் போன் செய்து சொல்கிறேன் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அவளுக்குக் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. உம்மு ராஷித் சரியாகப் புரிந்துகொண்டாளா? கண்ணில் கட்டுப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவள் தெலெக்ஸ் அனுப்பப் போவாளா? சுல்தான் என்ன சொல்லிச் சமாளித்திருப்பான்?

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. இருந்த இரண்டு பாவாடையையும் துவைத்துக் காயப்போட்டு மடித்து, ஒரு பையில் வைத்தாள். மகளுடைய போட்டோவை நடுவில் வைத்தாள். வாசல் கேட்டைத் திறந்து, பெரிய ரோட்டைப் பார்த்தாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஓடிவிடலாம். தேராவில் ஓடிவந்த பெண்களை ஒளித்து வைத்து வேலை வாங்குகிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அந்த வீடுகளிலிருந்து திரும்பியவர்கள் சொன்னதையும் கேட்டிருக்கிறாள். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

திங்கட்கிழமை காலை சுல்தான் எட்டு மணிக்கே வந்து காரில் உட்கார்ந்திருந்தான். காரைவிட்டு இறங்கக்கூட இல்லை. பதினொன்றரை மணிக்கு இன்னொரு கார் வந்து நின்றது. அதிலிருந்து கையில் பெட்டியோடு ஒரு பருத்த எகிப்துக்காரரும், பைலோடு ஒல்லியான, நரைத்த ஒருவரும் இறங்கினார்கள். நரைத்தவர் அவளைப் பார்த்து, "யோகம்மாவோ? தெலெக்ஸ் இப்ப ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் தான் வந்தது பிள்ளை" என்றார்.

அவள் கதவை அகலத் திறந்துவிட்டாள். 

எகிப்துக்காரர் நபீல் என்ற சர்வேயர். அவர் மஜ்லிஸை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நேரே மாடிக்கு ஏறினார். பெட்டியிலிருந்து ஒரு சாக்கட்டியை எடுத்து, படுக்கவைத்துப் பிடித்து, ஏசி மூடியின்மேல் அழுத்தித் தேய்த்தார். தகரம் வெள்ளையாக, குழிகள் மட்டும் நிறம் ஏறாமல் வட்டவட்டமாக எழுந்து நின்றன. வெறுங்கண்ணுக்குத் தெரியாத குழிகள்கூட. தெற்குப் பக்கத்தில் தேய்த்தார். ஒரு குழியும் இல்லை. ஒரு சதுரம் அளந்து, குழிகளை எண்ணி எழுதினார். தொட்டி விரிசலில் விரலை ஓட்டினார். படிமூடியின் உடைசல் எங்கே என்று கேட்டார். யோகம்மா சாக்கைக் கொண்டுவந்து அவிழ்த்தாள். எறியாமல் வைத்திருந்ததற்கு அவர் தலையை ஆட்டினார்.

சுல்தான் அப்போதுதான் வாயைத் திறந்தான். ஆலங்கட்டி விழுந்திருக்கலாம், ஆனால் மஜ்லிஸில் இறங்கியது மோட்டார் தண்ணீர், இவள் முன்பும் இப்படிச் செய்தவள் என்று அரபியில் படபடவென்று சொன்னான். நபீல் அவளைப் பார்த்தார். பத்மநாதனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

பத்மநாதன் தமிழில் கேட்டார். அன்றைக்கு மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தியது?

நிறுத்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் பார்த்தார்கள்? வாய்வரை வந்தது. ஆனால் தொட்டியில் அந்த நீர்த்தடம் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கியிருக்கிறது என்பதைச் சர்வேயர் கண்ணால் பார்த்துவிட்டார். அவருக்குத் தெரியாமலா இருக்கும். பொய் சொன்னோம் என்று ஆகிவிட்டால் மற்ற எதையும் நம்பமாட்டார்கள்.

"கரண்டு வந்தப்புறம் மறுபடி ஓடிருச்சுங்கய்யா. நான் கவனிக்கல. அஸர் பாங்கு சொன்னப்புறந்தான் நிறுத்துனேன்."

பத்மநாதன் பேனாவை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை நான் உள்ளபடி சொல்லத்தான் வேணும். மாத்திச் சொன்னால் பிறகு என்ர வேலை போகும். விளங்குதோ?"

"சொல்லுங்கய்யா."

அவர் சொன்னார். சுல்தானுக்கு ஆங்கிலம் தெரியும். அவன் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. நபீல் தொட்டிக்குப் போனார். மேல்மூடியைத் திறந்து, வழக்கமாக நிரம்பி வழியும் குழாய் எங்கே போகிறது என்று பார்த்தார். மாடி ஓட்டைக்குப் போய்க் குனிந்து, விளிம்பில் ஒட்டியிருந்த இறகுகளைப் பார்த்தார். அவள் குத்தி எடுத்த குப்பை ஓரத்தில் காய்ந்து கிடந்தது. அதைக் காலால் புரட்டினார். 

திரும்பி வந்து அவர் சுல்தானிடம் அரபியில்தான் பேசினார். நிதானமாகப் பேசியதால் அவளுக்கும் பாதி புரிந்தது. மீதியைப் பத்மநாதன் அப்புறம் சொன்னார். தொட்டி நல்லபடியாக இருந்திருந்தால், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினாலும் தண்ணீர் குழாய் வழியாக வெளியே போயிருக்கும், போன வருஷம் போல் வெளிச்சுவர்தான் நனைந்திருக்கும். தொட்டியை உடைத்தது ஆலங்கட்டி. மாடி ஓட்டையை அடைத்தது ஆலங்கட்டி. தண்ணீர் நின்று தளத்தில் ஊறியது அதனால். தன் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதுவேன் என்றார். ஒன்று மட்டும் கேட்டார். இடிந்த அன்றே ஏன் ஒருவரும் தெரிவிக்கவில்லை?

யோகம்மா சுல்தானைப் பார்க்கவில்லை. மளிகைக் கடை மீராசா அன்றைக்கே பாபா சுல்தான் வீட்டுக்கு இரண்டுதரம் போன் பண்ணினார், அவரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள். பத்மநாதன் எழுதிக்கொண்டார். சுல்தான் கீழே இறங்கிப் போய்விட்டான்.

சாட்சி வாக்குமூலத்தில் அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. ஸ்டேஷனுக்கென்று எடுத்து வந்திருந்த அவள் பாஸ்போர்ட்டைச் சுல்தான் காரிலிருந்து கொண்டுவந்து மேசைமேல் போட்டான். பத்மநாதன் அதைத் திறந்தார். பெயரைப் படித்தார். இன்னொருதரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். 

"எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

சொன்னாள்.

"அங்க எங்கட மாமா ஒராள் படிப்பிச்சவர்." பேனாவை எடுத்தார். "பாஸ்போட்டில கிடக்கிற பேரைத்தான் நான் எழுதவேணும். எனக்குத் தெரிஞ்சது அது மட்டும்தான்."

எழுதினார். ஏஜென்ட் கற்றுக்கொடுத்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்து யோகம்மா கையெழுத்துப் போட்டாள். 

உம்மு ராஷித் அடுத்த மாதம் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினாள். மஜ்லிஸைப் பார்த்தாள், கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தாள். கம்பளத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது. பாலிசி கட்டடத்துக்கு மட்டும்தான். அதை வைத்துச் சுல்தான் ஒருநாள் பேச்செடுத்தான். இவள் சம்பளத்தில் பிடிக்கவேண்டும், இல்லை ஊருக்கு அனுப்பவேண்டும் என்றான். உம்மு ராஷித் தட்டில் பேரீச்சம்பழத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றாள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஆனால் யோகம்மாவிடமும் ஒரு சொல் இல்லை. அனுப்புவாளா, வைத்துக்கொள்வாளா என்று கேட்கவும் தைரியமில்லாமல் அவள் வாரக்கணக்கில் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தாள்.

ஏப்ரலில் ஒருநாள் உப்பு வாங்க மீராசா கடைக்குப் போனாள். பத்மநாதன் காலையில் போன் செய்ததாக அவர் சொன்னார். கம்பெனி செக் போட்டுவிட்டதாம். வீட்டுக்கார அம்மாள் நேற்றே ஆபீசுக்கு வந்து வாங்கிப்போனாளாம். போகும்போது, என் வேலைக்காரிக்கு விசா புதுப்பிக்கவேண்டும், தாள்களெல்லாம் எங்கே கொடுக்கவேண்டும் என்று பத்மநாதனிடமே விசாரித்தாளாம்.

யோகம்மா கடைக்குள் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கடைக்கு வந்திருந்த பட்டாணியன் ஒருவன் என்னவென்று பார்த்தான். மீராசா அவனுக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்தார், அவளை ஒன்றும் கேட்கவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோதுதான் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. உப்பை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள்.